விற்பனை வரியா, கடையா: நம்ம கமிஷனைத் தின்னது யாரு?

டல்லாஸ்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். சமையலறைச் சாமான்களுக்கு விமர்சனம் எழுதி, கடை லிங்க் போட்டு, அதுல வாங்குறவங்க மூலமா கமிஷன் வர்ற ஒரு சின்ன தளம் நடத்துறேன். கிரைண்டர், குக்கர், இட்லிச் சட்டி, அவ்வளவுதான். மாசம் நானூறு டாலர் பக்கம் வருது. ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "விற்பனை வரி இல்லாத ஸ்டேட்டா பார்த்துப் போயிடு, இல்லன்னா ஒருநாள் கடைக்காரங்க உன் கமிஷன் கணக்கை மூடிடுவாங்க, 2011-ல அப்படித்தான் நடந்துச்சு"ன்னு பயமுறுத்துறார். அந்த வரி இல்லாத நியூ ஹாம்ப்ஷயர்ல ஒரு வேலையும் கைக்கு வந்திருக்கு. நிஜமாவே ஆபத்து இருக்கா?

நேப்பர்வில்_சேகர்:
உங்க நண்பர் சொன்னது என் கதை தம்பி. 2011 மார்ச்ல இல்லினாய் கவர்னர் பாட் குவின் கையெழுத்துப் போட்டார். வெளியூர்க் கடைக்கு இங்க இருக்குற ஒருத்தர் லிங்க் வழியா ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்கினா, அந்தக் கடை இங்கயே இருக்குற மாதிரி, அதனால வரி வசூலிச்சுக் கட்டணும்னு சட்டம். கடைங்க என்ன பண்ணுச்சு? வரி வசூலிக்கிறதுக்குப் பதிலா நம்மளைக் கழட்டி விட்டுச்சு.

எனக்கு வந்தது நாலு வரி மெயில். (அமேசான் இல்லை. பாத்திரம் விக்கிற கடை ஒண்ணு, பேர் வேணாம்.) சொன்ன தேதிக்கு மறுநாள் டாஷ்போர்டைத் திறந்தேன். கிளிக் 212, கமிஷன் 0.00. 43 பக்கத்துல அவங்க லிங்க். ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒவ்வொண்ணா மாத்த ரெண்டு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் நான் அனுப்பின ஆளுங்க அங்கதான் வாங்கிட்டு இருந்தாங்க, ஓசியில. ஃபேட்வாலட்னு ஒரு கூப்பன் தளம் ராக்டன்ல இருந்துச்சு. அவங்க எல்லை தாண்டி விஸ்கான்சின் பெலாய்ட்டுக்கு ஆபீஸையே தூக்கிட்டுப் போனாங்க. என்னால அப்படி முடியுமா, பிள்ளைங்க ஸ்கூலு இங்க.

எடிசன்_கடைக்காரன்:
சேகர் சார், மறுபக்கத்தையும் கேளுங்க. அதே 2011-ல என் கடையில டேபிள் டாப் கிரைண்டர் 180 டாலர். நியூ ஜெர்சி வரி அப்ப 7 சதவீதம், ஆக 12 டாலர் 60 சென்ட் மேல. ஒரு அம்மா வந்து கல்லைத் தடவிப் பார்த்து, மூடியைத் தூக்கிப் பார்த்து, அரை மணி நேரம் சந்தேகம் கேட்டாங்க. கடைசியில "ஆன்லைன்ல வரி இல்லாம வருதே தம்பி"ன்னுட்டுக் கிளம்பிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு அதே மாடல் கிரைண்டரைக் கார்ல வெச்சு எடுத்துட்டு வந்து, பெல்ட் நழுவுது, மாட்டிக் கொடுன்னாங்க. மாட்டிக் கொடுத்தேன், வேற என்ன பண்ண.

உங்க லிங்க்கை ஜனங்க அமுக்கினதுக்கு உங்க எழுத்து பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த 12 டாலர் 60 சென்ட். ஒரே சாமானுக்கு நான் வரி வாங்கணும், அவன் வாங்க வேணாமா?

நேப்பர்வில்_சேகர்:
அண்ணே, ஆன்லைன்ல வாங்கினாலும் வரி உண்டு. கடை வசூலிக்கலன்னா வாங்கினவங்களே யூஸ் டாக்ஸ்னு ரிட்டர்ன்ல காட்டிக் கட்டணும். யாரும் கட்டல, ஸ்டேட்டும் துரத்திப் பிடிக்கல. துரத்த முடியாத கோபத்தை எங்க மேல காட்டினாங்க. என் கமிஷன் கடையோட லாபத்துல இருந்து வந்தது, உங்க வரியில இருந்து இல்லை.

எடிசன்_கடைக்காரன்:
யூஸ் டாக்ஸ் கட்டின ஒரு ஆளைக் காட்டுங்க, நான் கடையை எழுதி வைக்கிறேன்.

ஃப்ரீமான்ட்_உமா:
ரெண்டு பேரும் சண்டை போடுற இடம் தப்பு. வெட்டினது சட்டமா, கடையா? நியூயார்க்தான் இதுக்குப் பிள்ளையார் சுழி போட்டது, 2008-ல. உள்ளூர் லிங்க் வழியா வருஷம் 10,000 டாலருக்கு மேல வித்தா வரி வசூலிக்கணும்னு சட்டம். அமேசான் அங்க அஃபிலியேட்டுகளை, அதான் நம்ம மாதிரி லிங்க் போட்டுக் கமிஷன் வாங்குறவங்களை, வெட்டலையே! வரியையும் வசூலிச்சுக்கிட்டு கோர்ட்டுக்கும் போச்சு. பெரிய சந்தை, விட மனசு வரல. அடுத்த வருஷம் ரோட் ஐலண்ட், வட கரோலினாவுல அதே மாதிரி சட்டம் வந்தப்ப உடனே கத்தரி போட்டுச்சு.

கொலராடோவைப் பாருங்க, அங்க இன்னும் மோசம். 2010-ல நிறைவேறின சட்டத்துல அஃபிலியேட் சமாச்சாரமே இல்லை, எடுத்துட்டாங்க. "வரி வசூலிக்கலன்னா வாங்கினவங்களுக்கும் ஸ்டேட்டுக்கும் தகவல் கொடு"ன்னு மட்டும்தான் கேட்டுச்சு. அப்படியும் அமேசான் வெட்டுச்சு. நாம அங்க பணயம், அவ்வளவுதான்.

எங்க கலிஃபோர்னியாவுல 2011 ஜூன் 29 அன்னிக்கு கவர்னர் ஜெர்ரி பிரவுன் அதே மாதிரி சட்டத்துல கையெழுத்துப் போட்டார், அன்னிக்கே அமேசான் ஆயிரக்கணக்கான பேரை வெட்டுச்சு. சட்டத்தை மக்கள் ஓட்டுக்கு விட கையெழுத்து வேட்டைக்கு மட்டும் 50 லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணாங்க. செப்டம்பர்ல பேரம் முடிஞ்சுது: 2012 செப்டம்பர் 15 வரைக்கும் வசூலிக்க வேணாம். பேரம் முடிஞ்சதும் அஃபிலியேட்டுகளுக்குக் கதவு திறந்துடுச்சு. அந்த ஒரு வருஷத்தை வாங்க நாமதான் சில்லறைக் காசு.

நேப்பர்வில்_சேகர்:
உமா மேடம், நீங்க அமேசானை மட்டும் பார்க்குறீங்க. நியூயார்க் சட்டம் வந்ததும் ஓவர்ஸ்டாக்னு இன்னொரு ஆன்லைன் கடை அங்க எல்லாரையும் வெட்டிட்டுப் போயிடுச்சே. அதைவிடச் சின்னக் கடைங்க? நாட்டுல விற்பனை வரி போடுற ஊரு, கவுண்டி எல்லாம் சேர்த்தா பத்தாயிரத்துக்கு மேல. எங்க இல்லினாய்லயே ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் மிட்டாய் கணக்கு, ட்விக்ஸ் சாக்லேட்ல மாவு இருக்கு, அதனால சாப்பாட்டுக் கணக்கு, ரெண்டுக்கும் வரி வேற வேற. பத்துப் பேர் வேலை பார்க்குற பாத்திரக் கடைக்காரன் இதையெல்லாம் படிச்சுட்டு இருப்பானா? எனக்குக் கமிஷன் கொடுக்குறதை நிறுத்துறது அவனுக்குச் சுலபம். ரோட் ஐலண்ட்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சும் எங்க சட்டசபை கல்லை எறிஞ்சுது. யார் மண்டையில விழும்னு தெரியாமலா எறிஞ்சாங்க?

ஆடிட்டர்_மாமா:
டல்லாஸ்காரர் கேட்ட கேள்வியை எல்லாரும் மறந்தாச்சு. நான் சொல்றேன்.

1992-ல குவில் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: கடையோ ஆளோ கிடங்கோ ஸ்டேட்டுக்குள்ள இருந்தாத்தான் வரி வசூலிக்கச் சொல்லலாம். ஸ்டேட்டுகள் அந்த "ஆள்" நீங்கதான்னு கைகாட்டுச்சு. சேகர் பட்ட அடிக்கு மூலம் இதுதான். 2018 ஜூன் 21-ல வேஃபேர் வழக்குல 5-க்கு 4-ன்னு குவில் தீர்ப்பு கவுந்துடுச்சு. அந்த வழக்குல தெற்கு டகோட்டா கேட்டது வருஷம் ஒரு லட்சம் டாலர் விற்பனை, இல்லன்னா 200 ஆர்டர். அந்த அளவைத் தாண்டினா உள்ளூர்ல ஆள் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. மத்த ஸ்டேட்டுகளும் பின்னாடியே வந்தாச்சு. அமேசான் அதுக்கு முன்னாடியே, 2017 ஏப்ரல்ல இருந்து, விற்பனை வரி இருக்குற எல்லா ஸ்டேட்டுலயும் வசூலிக்குது. பெரிய கடைக்கு இப்ப உங்களை வெட்டினா வரியில பைசா மிச்சமில்லை. நியூயார்க் மாதிரி இடத்துல பழைய லிங்க் சட்டம் இன்னும் புத்தகத்துல இருக்கு. ரொம்பச் சின்னக் கடை அதைப் பார்த்துத் தயங்கலாம், அவ்வளவே.

விற்பனை வரி விழுறது சாமான் வாங்குறவர் தலையில. உங்க கமிஷன் வரிக்கு முந்தின விலைக்குத்தான். உங்களுக்குள்ளது வருமான வரியும், அதோட 15.3 சதவீத சுயதொழில் வரியும். காலாண்டுக்கு ஒருதரம் கட்டுங்க, ஏப்ரல்ல வந்து அழாதீங்க. டெக்சஸ்லயும் சம்பளத்துக்கு ஸ்டேட் வரி இல்லை, நியூ ஹாம்ப்ஷயர்லயும் இல்லை. இதுக்காக ஊர் மாறினா பனி தள்ளுறதுதான் லாபம். நீங்களே மின்னூல் விக்க ஆரம்பிச்சா மட்டும் கதை வேற, டெக்சஸ்ல அதுக்கு விற்பனை வரி உண்டு.

ஃப்ரீமான்ட்_உமா:
நன்றி மாமா. நான் சொல்ல வந்ததும் அதுதான். 2020 ஏப்ரல்ல ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்ப அமேசான் ஃபர்னிச்சர், வீட்டுச் சாமான் கமிஷனை 8-ல இருந்து 3 சதவீதமா குறைச்சுது. மளிகை 5-ல இருந்து 1. 200 டாலர் நாற்காலிக்கு நேத்து 16 டாலர், இன்னிக்கு 6. எந்தக் கவர்னரும் கையெழுத்துப் போடல. சேகர், இதுக்கு யாரைத் திட்டுவீங்க?

நேப்பர்வில்_சேகர்:
கடையைத்தான். ஒத்துக்கறேன். ஆனா 8 போய் 3 வந்தா, 3 இருக்கு. 0.00-ல என்ன இருக்கு? 2013 அக்டோபர்ல எங்க ஸ்டேட் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாதுன்னு தூக்கிப் போட்டுச்சு. இணையத்துக்கு மட்டும் பாரபட்சமா வரி போடக்கூடாதுங்கிற மத்திய சட்டத்துக்கு எதிரா இருக்குன்னு. ரெண்டரை வருஷம் கழிச்சு! அதுக்குள்ள என் 43 பக்கத்தையும் கூகுள் மறந்துடுச்சு. உங்க ஊருக்குக் கிடைச்ச பேரம் எங்களுக்குக் கிடைக்கல.

டல்லாஸ்_புதுசு:
ரொம்ப நன்றி. நியூ ஹாம்ப்ஷயர் வேணாம்னு இப்பதான் வீட்ல சொன்னேன், மனைவி ஸ்வெட்டர் லிஸ்ட்டைக் கிழிச்சுட்டாங்க. ஒரே கடையை நம்பாம நாலஞ்சு கடை லிங்க் வெச்சுக்கப் போறேன்.

எடிசன்_கடைக்காரன்:
நாலஞ்சுல ஒண்ணா நம்ம கடையும் இருக்கட்டுமே தம்பி. போன வருஷம் தளம் ஆரம்பிச்சேன், கிரைண்டர் எல்லா ஸ்டேட்டுக்கும் போகுது. எத்தனை சதவீதம் கேப்பீங்க?

டல்லாஸ்_புதுசு:
எட்டு அண்ணே.

எடிசன்_கடைக்காரன்:
மூணு. பெல்ட் நழுவினா நான்தானே மாட்டிக் கொடுக்கணும்.