மைனஸ் குளிரில் காடைக் கூண்டுக்குள் ஈரம், உதவி தேவை

வீட்டுக்குப் பின்னால் மரக்கூண்டில் ஜப்பானியக் காடைகள் வளர்க்கிறேன், உயரம் ஒன்றரை அடிதான். டிசம்பர் தொடக்கத்திலிருந்து இரவில் மைனஸ் 10 டிகிரி வரை இறங்குகிறது, காலையில் திறந்தால் கூரையின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி, காடைகள் இறகை உப்பிக்கொண்டு மூலையில் ஒண்டிக் கிடக்கின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை. தும்மல், சளி இன்னும் இல்லை, முட்டை நின்றுவிட்டது.

மூன்று பக்கமும் பிளாஸ்டிக் தாள் சுற்றிவிட்டேன், மரச்சீவலைத் தடிமனாகப் போட்டு அடிக்கடி மாற்றுகிறேன், விளக்கு போட்டு 14 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறேன், தீவனத்தில் புரதம் 20 சதவீதம். தாளை விலக்கினால் ஈரம் குறைகிறது, அப்புறம் குளிர்காற்று நேராக அவற்றின் மேல் அடிக்கிறது.

இவ்வளவு தாழ்வான கூண்டில் காற்றுத் துளையை எந்தப் பக்கம், எந்த உயரத்தில் வைத்தால் காடைகள் மேல் காற்று படாமல் ஈரம் வெளியேறும்?