அப்பத்தா கண்ணிமையில் இருப்பதும் ஐஸ்கிரீமில் இருப்பதும் ஒரே 'சாந்தா'?

வளவுவீட்டான், காரைக்குடி:

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு மேல் இமையிலும், மூக்கை ஒட்டின பக்கமாக, மஞ்சளாய்த் தட்டையாய் ஏதோ படிந்திருக்கிறது. வலியில்லை, அரிப்பில்லை. மஞ்சள் பூசிக் குளிக்கிறவர், அதுதான் ஒட்டிக்கொண்டது என்று நாங்களும் பல வருடமாகக் கண்டுகொள்ளவில்லை. போன வாரம் சுகர் பார்க்கப் போன இடத்தில் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சீட்டில் 'சாந்தெலாஸ்மா' என்று எழுதி, கொழுப்பு டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார். அப்படியென்றால் என்ன என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று. வீட்டில் வந்து பெயரைச் சொன்னால் அப்பத்தா, "என்னப்பா, செவுத்துக்குப் பூசுற சாந்தா?" என்கிறார். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் போட்டு இழைத்த சுவருக்கு நடுவிலேயே வாழ்ந்தவர், வேறெது ஞாபகம் வரும்.

அன்றைக்கு ராத்திரியே சர்க்கரை இல்லாத ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் 'சாந்தன் கம்'. அக்கா மகளின் பாடப் புத்தகத்தில் 'சாந்தோஃபில்'. அயித்தான் யூரிக் அமிலத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரையைப் பற்றித் தேடினால் அங்கே 'சாந்தைன்'. ஒரே வேர்ச்சொல்தானா, இல்லை நான்தான் எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறேனா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பத்தா விஷயத்தில் பயப்பட வேண்டுமா என்பதையும்.

ஓய்வுபெற்ற வாத்தியார், தேவகோட்டை:

தம்பி, முடிச்சு சரியாகத்தான் விழுந்திருக்கிறது. கிரேக்கத்தில் 'க்ஸாந்தோஸ்' என்றால் மஞ்சள், பொன்னிறம். ஆங்கிலக்காரன் வாயில் முதல் எழுத்து 'ஸ' ஆகிவிட்டது, நாம் அதைச் 'சா' ஆக்கிக்கொண்டோம், அவ்வளவுதான். பொன்னிற முடிக்காரர்களுக்கும் அந்த ஊரில் இதே சொல்தான். சாக்ரடீஸ் மனைவி பெயர் க்ஸாந்திப்பே, அதற்கு மஞ்சள் குதிரை என்று பொருள். பாவம், அந்த அம்மாளைச் சண்டைக்காரி என்று மட்டும்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது.

சாந்தெலாஸ்மாவில் பின்பாதி 'எலாஸ்மா', தட்டித் தகடாக்கிய உலோகம். பத்தர் தட்டிய பொன் தகட்டைச் சின்னதாக வெட்டி இமையில் ஒட்டினால் எப்படி இருக்கும்? பெயர் வைத்தவன் கண்ணில் அதுதான் பட்டிருக்கிறது.

சாந்தோஃபில்லில் 'ஃபில்' இலை. 1837-ல் பெர்சீலியஸ் என்ற ஸ்வீடன் வேதியியலர், இலையுதிர்காலத்து மஞ்சள் இலையின் நிறமிக்கு வைத்த பெயர். நம் ஊரில் அந்தப் பருவம் கிடையாதென்றாலும் பழுத்து விழுகிற பலா இலையைப் பாருங்கள், பச்சையம் சிதைந்தபின் ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. நாட்டுக்கோழி முட்டைக் கரு மஞ்சளாக இருப்பதும் இந்தக் குடும்பத்து நிறமியால்தான். கோழி தானாகச் செய்வதில்லை, தீனியிலிருந்து வருவது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த உறுப்பினர் அஸ்டாசாந்தின். பெயரிலே மஞ்சள், ஆளோ சிவப்பு. சட்டியில் நண்டு போட்டதும் சிவக்கிறதே, அதுதான். உயிரோடிருக்கும்போது ஒரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து நீலம்பாய வைத்திருக்கிறது, சூடு பட்டதும் புரதம் குலைந்து விட்டுவிடுகிறது, சிவப்பு வெளியே வந்துவிடுகிறது. மசாலா நிறம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம், பாதி நண்டின் நிறம்.

பனையோலை:

அப்போ மஞ்சள் காமாலை, சிரோசிஸ் எல்லாமே இதே வேரா ஐயா? 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்பதற்குக்கூட ஒரு கிரேக்கப் பெயர் வைத்திருப்பார்களே :)

ஓய்வுபெற்ற வாத்தியார், தேவகோட்டை:

இல்லையப்பா, மஞ்சளுக்கு அவர்களிடம் ஒரே சொல்லா இருக்கும்? சிரோசிஸ் என்பது 'கிர்ரோஸ்', பழுப்பு கலந்த மஞ்சள். கெட்டுப்போன ஈரலின் நிறத்தைப் பார்த்து 1819-ல் லென்னெக் வைத்தார், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே பிரெஞ்சு டாக்டர். காமாலைக்கு அவர்கள் சொல் 'இக்டெரோஸ்', அது ஒரு மஞ்சள் பறவைக்கும் பெயர். காமாலைக்காரன் அந்தப் பறவையைப் பார்த்தால் நோய் தீர்ந்து பறவை செத்துப்போகும் என்று ரோமாபுரி பிளினி எழுதி வைத்திருக்கிறார். நல்லவேளை, நம் ஊர் மாங்குயில் தப்பித்தது.

நீங்கள் விளையாட்டாய்க் கேட்ட பெயரும் இருக்கிறது: சாந்தோப்சியா, கண்டதெல்லாம் மஞ்சளாய்த் தெரிவது. ஆனால் காமாலையில் அப்படித் தெரிவது அபூர்வம். இதயத்துக்குக் கொடுக்கிற டிகாக்சின் உடம்பில் அளவு மீறினால் வரும். அந்த மருந்து வருகிற செடியின் இனத்துச் செடி ஒன்றை வைத்து வைத்தியம் பார்த்த டாக்டர் வில்லியம் விதரிங், பொருள்கள் பச்சையும் மஞ்சளுமாய்த் தெரிவதாக 1785-லேயே குறித்திருக்கிறார். வீட்டில் யாராவது அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அப்படிச் சொன்னால் பழமொழி சொல்லிச் சிரிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

லேப்_அக்கா:

வளவுவீட்டான் தம்பி, மொழி விஷயம் ஐயா பார்த்துக்கொள்வார், நான் அப்பத்தாவுக்கு வருகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தோலுக்கடியில் கொழுப்பை விழுங்கின செல்கள் கூடி உட்கார்ந்திருக்கின்றன, அதுதான் அந்த மஞ்சள். இது இருக்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு சரியான அளவில்தான் இருக்கும், அதனால் பார்த்த உடனே ஒன்றும் முடிவுகட்ட முடியாது. அதேசமயம் கோபன்ஹேகனில் 12,745 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2011-ல் வெளியிட்டதில், இமையில் இது இருந்தவர்களுக்கு மாரடைப்பு வருவது கூடுதலாக இருந்தது, கொழுப்பு அளவைக் கழித்துப் பார்த்தாலும்கூட. அதனால் பிரஷர், சுகர் எல்லாம் சேர்த்தே பார்க்கச் சொல்வார்கள்.

இதே சரக்கு குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நரம்பில் (நரம்பில்லை, தசைநாண், பேச்சுவழக்கில் அப்படித்தானே சொல்கிறோம்) முடிச்சாக வந்தால் சாந்தோமா என்பார்கள். அது சின்ன வயதுக்காரருக்கு இருந்தால் பரம்பரையாக வருகிற அதிகக் கொழுப்பா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், வீட்டில் மற்றவர்களுக்கும். அந்தத் தசைநாணுக்குப் பெயர் அகில்லஸ். ட்ராய் போர்க் கதையில் அகில்லஸ் தேரில் பூட்டின குதிரை ஒன்றின் பெயரும் க்ஸாந்தோஸ்! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் வேலையில் இன்னொன்று வரும், சாந்தோகுரோமியா. திடீரென்று தாங்க முடியாத தலைவலியோடு வருகிறவருக்கு முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்த்தால் மஞ்சளாக இருக்கும். மூளையைச் சுற்றிக் கசிந்த ரத்தம் சிதைந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஆகிவிட்டது என்று அர்த்தம். அது உருவாக நேரம் பிடிக்கும், அதனால் தலைவலி ஆரம்பித்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அந்த நிறத்தை நம்பலாம்.

முக்கியமாக, பூண்டு நசுக்கித் தேய், சுண்ணாம்பு தடவு என்று யாராவது சொல்வார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கண்மாய்க்கரை, கல்லல்:

நானும் ஒன்று சேர்க்கிறேன். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வருகிறதே, அந்தக் கிருமி சாந்தோமோனாஸ். ஓரத்திலிருந்து அலை அலையாக மஞ்சளடித்துக் காய்ந்துகொண்டே வரும், யூரியா கையை மீறிப் போட்ட வயலில் பார்க்க வேண்டும், கொண்டாட்டம்தான் அதற்கு. சந்தேகமாக இருந்தால் இலையை வெட்டி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள், வெட்டின இடத்திலிருந்து பால் மாதிரி இழை இறங்கினால் அதேதான். எலுமிச்சையில் சொறி வைப்பதும் இதன் பங்காளி. ஆய்வகத் தட்டில் வளர்த்தால் கிருமிக் கூட்டம் மஞ்சளாகத் தெரியும், பெயர் அதனால்தான் என்று வேளாண் அலுவலர் சொன்னார். எதிர்ப்புச் சக்தி ஏற்றின சம்பா மசூரியில் எக்ஸ்ஏ21 என்றொரு மரபணு வைத்திருக்கிறார்களாம், அந்த 'எக்ஸ்ஏ'-வும் இந்தச் சாந்தோதான்.

அப்புறம் கண்மாய் உள்வாயில் மருளூமத்தை கிடக்கிறதே, வேட்டியெல்லாம் முள்காய் ஒட்டுமே, அதன் அறிவியல் பெயர் சாந்தியம். கிரேக்கர்கள் அதை வைத்து முடிக்கு மஞ்சள் சாயம் போட்டார்களாம். நாங்கள் அதைப் பிடுங்கியே கூன் விழுந்து கிடக்கிறோம்.

குடுவை:

ஐஸ்கிரீமுக்கு வருவோம். அண்ணன் சொன்ன நெல் கிருமியின் உறவுக்காரன் ஒன்று முட்டைக்கோஸை அழுகவைக்கும். அது தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு பசை சுரக்கும். அமெரிக்க வேளாண்துறையின் பியோரியா ஆய்வகத்தில் ஆலீன் ஜீன்ஸ் என்ற வேதியியலரும் அவர் குழுவும் அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள், 1969-ல் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. அதுதான் சாந்தன் கம், டப்பாவில் ஈ415 என்றும் போட்டிருக்கும். கிருமியைக் கொன்று பிரித்த பிறகு வருகிற தூள் வெள்ளை. மஞ்சள் பெயரில் மட்டும்.

சாந்தைன் இன்னும் வேடிக்கை, அதுவும் வெள்ளைதான். 1817-ல் அலெக்சாண்டர் மார்செ என்ற டாக்டர் ஒரு சிறுநீர்க் கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வற்றவைத்தபோது எலுமிச்சை மஞ்சளாய்க் கறை மிஞ்சியது, அந்தக் கறைதான் பெயர் வாங்கிக் கொடுத்தது. உடம்பில் சாந்தைன் யூரிக் அமிலமாக மாறுகிறது, மாற்றுகிற நொதியைத் தடுப்பதுதான் உங்கள் அயித்தான் மாத்திரை. காலையில் குடிக்கிற காபியின் கஃபீனும் சாந்தைனில் மூன்று மீதைல் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த சின்னத் துண்டு) ஒட்டினதுதான், ஆனால் அது யூரிக் அமிலமாகிவிடுவதில்லை. அதைச் சொல்லிக் காபியை நிறுத்திவிடாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

கல்லூரி லேபில் நைட்ரிக் அமிலம் என் விரலில் பட்டு நாலு நாள் மஞ்சளாகவே இருந்தது, கழுவிப் போகவில்லை, தோல் உரிந்துதான் போனது. தோலின் புரதத்தோடு அமிலம் சேர்ந்துவிடுகிறது. இப்படி மஞ்சளாவதை வைத்துப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கும் சாந்தோபுரோட்டியிக் என்றே பெயர். மாப்பிள்ளை மருதாணி என்று ஹாஸ்டலில் ஓட்டித் தள்ளினார்கள்.

வளவுவீட்டான், காரைக்குடி:

எல்லாருக்கும் நன்றி. ரிப்போர்ட் வந்தது, கெட்ட கொழுப்பு கொஞ்சம் கூடுதல், மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். இமையில் இருப்பதை லேசர் வைத்து எடுக்கலாமாம், ஆனால் திரும்ப வரவும் வாய்ப்புண்டாம். அப்பத்தாவிடம் அதைச் சொல்லி, கூடவே வாத்தியார் ஐயா சொன்ன பொன் தகடு கதையையும் சொல்லித் தொலைத்துவிட்டேன். "பொன்னுங்கிற, அதை எதுக்குடா எடுக்கணும்" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பூண்டு யோசனை ஏற்கெனவே எதிர்வீட்டு ஆச்சியிடமிருந்து வந்துவிட்டது, லேப் அக்கா பெயரைச் சொல்லித்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.