மார்பில் விழுந்த பள்ளத்தை வயிற்றுக் கொழுப்பால் நிரப்பலாமா?

கொழுந்துக்காரி, கோத்தகிரி:
எனக்கு வயது 47. மூன்று வருடங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுக்கட்டியை மட்டும் வெட்டியெடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். உயிர் பிழைத்தேன். ஆனால் அந்த இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம் அடங்கும் பள்ளம். தோல் இறுகிக் கிடக்கிறது; தேயிலைக் கொழுந்து பறிக்கக் கையை நீட்டினால் இழுக்கிறது. என் வயிற்றுக் கொழுப்பையே உறிஞ்சியெடுத்து அங்கே ஏற்றலாம் என்கிறார் கோயம்புத்தூர் மருத்துவர். "இந்த வயதில் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறாள் நாத்தனார். நான் பார்க்கிறேன். குளிக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். அந்தக் கொழுப்பு புற்றை மறுபடி கிளப்பிவிடுமோ என்பதுதான் என் பயம். இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டு எப்போது தோட்டத்தில் இறங்கலாம்?

பள்ளத்து வீடு, குன்னூர்:
அக்கா, நான் இதை இரண்டு முறை செய்துகொண்டவள். மெல்லிய குழாயால் கொழுப்பை எடுத்து, இரத்தமும் எண்ணெயும் பிரியச் சுழற்றி, துளித்துளியாகப் பல அடுக்குகளில் விட்டார்கள். ஒரே இடத்தில் மொத்தமாக விட்டால் நடுவில் உள்ளது இரத்தம் கிடைக்காமல் செத்துவிடுமாம். முதல் மாதம் நிரம்பித் தெரிந்தது, பிறகு வற்றியது. அன்று அழுதேன். ஒரு பகுதியை உடல் கரைத்துக்கொள்ளும் என்று முன்பே அழுத்திச் சொல்லியிருக்கலாம். சில மாதங்கள் கழித்தும் நிற்பதுதான் நமக்கு மிஞ்சும். வலி மார்பில் அதிகமில்லை, வயிற்றில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வரும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றை அணைத்துக்கொண்டேன். இறுக்கமான பட்டி சில வாரங்கள் போட வேண்டும். அதற்குள் தாள் கட்டாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, கொடைக்கானல்:
தங்கச்சி, இது புதிய வித்தையல்ல. 1893இலேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் குஸ்டாவ் நியூபர் கைக் கொழுப்பை எடுத்து முகத்தழும்பின் பள்ளத்தை நிரப்பினார். இதனால் புற்று திரும்பும் ஆபத்து கூடுவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் உன் புற்றுநோய் மருத்துவர் சம்மதிக்காமல் படுக்காதே. முன்கூட்டியே மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே படம், எடுத்து வைத்துக்கொள். பிற்பாடு எண்ணெய்க் கட்டிகளும் சுண்ணாம்புப் படிவும் வரலாம். படம் பார்ப்பவருக்குக் கொழுப்பு ஏற்றியது தெரியாவிட்டால் வீணாகப் பயமுறுத்திவிடுவார். கதிர்வீச்சு பட்ட தோல் இதனால் மிருதுவாவதைப் பலரிடம் நானே பார்த்திருக்கிறேன். உன் கை இழுப்பும் குறையலாம். இன்னொன்று: அது வயிற்றுக் கொழுப்பாகவேதான் இருக்கும், நீ பருத்தால் அதுவும் பருக்கும்.

கொழுந்துக்காரி:
நன்றி அக்கா, நன்றி தங்கச்சி. நாத்தனாருக்கும் படித்துக் காட்டினேன். மேமோகிராமுக்குத் தானும் வருகிறாளாம். உறைபனிக் காலத்தில் கொழுந்து குறைவு. மருத்துவர் சம்மதித்தால் ஜனவரியில் செய்துகொள்கிறேன்.