14 வருடக் கணக்கு கிராமப் பங்குக் கல்லறைக்குச் செல்லுமா?

பனங்காட்டான்:
பக்கத்து இழையில் மணிக்கூண்டு எழுதியது இது: "14 ஆண்டு முடியாமல் எந்தக் கல்லறையையும் திறக்கக் கூடாது. அது சட்டம். கிராமப் பங்குகளில் (ஒரு பங்குத்தந்தையின் கீழுள்ள ஊர்க்கோயில் சமூகங்களில்) 7, 8 ஆண்டிலேயே தோண்டுகிறார்கள், அது குற்றம்."

படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று ஒரு வரி கூட இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் (1983) கல்லறைக்கு நான்கே சட்ட எண்கள், 1240 முதல் 1243 வரை. நான்கிலும் 14 கிடையாது. கல்லறை ஒழுங்கை அந்தந்த மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழுள்ள பகுதி) வகுத்துக்கொள்ளட்டும் என்று 1243 விட்டுவிடுகிறது. தமிழ்நாடு கிராம ஊராட்சி இடுகாடு, சுடுகாடு விதிகள் (1999) புதிய இடத்துக்கு உரிமம் கேட்கும், வீட்டிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் கேட்கும். 14 எங்கே இருக்கிறது?

மணிக்கூண்டு:
சென்னையில் குடும்பக் கல்லறையைத் திறக்க 14 ஆண்டுக் கணக்கு நெடுநாள் இருந்ததே, அது வானத்திலிருந்து விழுந்ததா? எண் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுகிறவருக்கு, ஏன் எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பாதி மக்கிய உடலின் மேல் கடப்பாரை இறங்கக் கூடாது என்பதற்காகத்தான். 14 என்றால் 14.

பனங்காட்டான்:
எங்கிருந்து விழுந்தது என்று நானே சொல்கிறேன். இங்கிலாந்தில் 1863-இல் அடக்க நிலங்களுக்கு உள்துறை வகுத்த ஒழுங்கில் அந்த எண் இருக்கிறது. சுவர் வைக்காத குழியை, 12 வயதுக்கு மேற்பட்டவரை அடக்கியிருந்தால் 14 ஆண்டுக்குள் திறக்கக் கூடாது. 12-க்கு உட்பட்ட குழந்தை என்றால் 8 ஆண்டு. அடுத்த வரியை நீங்கள் யாருமே படிப்பதில்லை: அதே குடும்பத்தவரை அடக்குவதற்கு என்றால் இந்தத் தடை இல்லை. பழைய பெட்டிக்கு மேல் 1 அடி மண்ணைக் கலைக்காமல் விட்டால் போதும். அவர்கள் ஊர்க் குளிருக்கும் ஈரக் களிமண்ணுக்கும் போட்ட எண்ணைத் நம் தேரிக்காட்டுச் செம்மணலுக்குக் கொண்டுவந்து சட்டம் என்கிறீர்கள்.

வெரோணிக்காள்:
ஒரு நிமிடம். "திறப்பது" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? அதே குடும்பத்தவரை மேலே வைப்பதா, எலும்பை எடுத்துவிட்டு வேறு குடும்பத்துக்குக் கொடுப்பதா? இரண்டும் வேறு வேறு. அதைத் தீர்த்துவிட்டு ஆண்டைப் பேசுங்கள்.

மணிக்கூண்டு:
எதுவானாலும் 14 தான், அக்கா.

பனங்காட்டான் அவர்களே, 1863 ஒழுங்கை நீங்களே எடுத்துப் போட்டீர்கள், நன்றி. அதில் கடைசி வரியும் உண்டு: எந்த நிலையிலும் மனித எச்சத்தைக் குழியிலிருந்து அப்புறப்படுத்தக் கூடாது. மண் நாற்றமெடுத்தால் மேற்கொண்டு கலைக்கவும் கூடாது. உங்கள் ஊர்ப்பக்கம் எலும்பைத் துணியில் கட்டி மூலையிலுள்ள எலும்புக்குழியில் போடுகிறார்களே, அது எந்த வரியில் அடங்கும்? வேண்டிய வரியை மட்டும் பொறுக்குவதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை.

பனங்காட்டான்:
அந்த ஒழுங்கு இங்கே செல்லாது என்பதுதான் என் வாதமே. செல்லாத ஒழுங்கின் கடைசி வரி மட்டும் எப்படிச் செல்லும்?

மண்ணைப் பேசுவோம். மேட்டுச் செம்மண், தண்ணீர் நிற்காது, பெட்டி லேசான மரம் என்றால் 5, 6 வருடத்தில் எலும்பு மட்டும்தான் இருக்கும். வயலோரக் களிமண்ணில், ஐப்பசி கார்த்திகையில் 4 அடியிலேயே ஊற்று எடுக்கும் இடத்தில், காற்று புகாமல் உடல் கொழுப்பு மெழுகாக மாறிவிடும். அங்கே 14 அல்ல, 20 வருடம் கழித்துத் திறந்தாலும் தோண்டுகிறவர் மண்ணை மூடிவிட்டுத்தான் ஏறுவார். ஆக உங்கள் 14 ஒரு மண்ணில் வீண் காத்திருப்பு, இன்னொரு மண்ணில் போதவே போதாது. மண்ணைப் பார்க்காத எண்ணுக்கு என்ன மரியாதை?

இன்னொன்று பெட்டி. முன்பு ஊருக்குப் பொதுவாக ஒரு தூம்பா, அதாவது பிணப்பெட்டி. அதில் கொண்டுபோய் உடலைப் பாயோடு குழியில் இறக்கிவிட்டு, தூம்பாவைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள். உடல் நேரே மண்ணில் கிடந்தது. இன்று தேக்குப் பெட்டி, உள்ளே ரெக்சின், அதற்குள் பாலித்தீன் விரிப்பு, பாலியஸ்டர் சேலை. பிளாஸ்டிக்கை எடுக்காமல் இறக்கினால் எந்த மண்ணும் வேலை செய்யாது. தூம்பா காலத்து 7 வருடக் கணக்கைப் பெட்டி காலத்துக்கு அப்படியே போடுவதும் தவறுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மணிக்கூண்டு:
அப்படியானால் 7 தவறு என்று ஒப்புக்கொண்டீர்கள். அதைத்தான் நானும் சொன்னேன்.

பனங்காட்டான்:
ஒப்புக்கொள்ளவில்லை. மண்ணும் பெட்டியும் பார்த்து முடிவு செய் என்றேன். வாசித்துவிட்டு எழுதுங்கள்.

நெடுந்தீவான்:
அண்ணைமார், எங்கட பக்கம் கல்லறைத் தோட்டத்தைச் சேமக்காலை எண்டுதான் சொல்லுறது. இலங்கையில 1899 ஆம் ஆண்டிலேயே மயானங்களுக்கெண்டு தனிச் சட்டம் இருக்கு. நீங்கள் சென்னைக் கணக்கை வைச்சு எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்லுறியள். தீவுப் பக்கத்து முருகைக்கல் (பவளப்பாறை) நிலத்தில 6 அடி எங்க கிண்டுறது? 3 அடியிலயே கல் முட்டும்.

மணிக்கூண்டு:
சேமக்காலை என்பதெல்லாம் பிறகு ஒட்டிய பெயர். குமரிப் பக்கம் செமித்தேரி என்பார்கள், போர்த்துக்கீசியரின் செமித்தேரியோ. அதுதான் மூலம்.

நெடுந்தீவான்:
ஒட்டின பெயரோ? சேமம் போர்த்துக்கீசச் சொல் இல்லை. சேமித்து வைக்கிற இடம். போன மாதம் குருசு (சிலுவை), தூம்பா எல்லாம் தமிழ் எண்டு நிண்ட ஆளும் நீங்கள்தானே. இண்டைக்குச் சேமக்காலை மட்டும் போர்த்துக்கீசமோ?

பனங்காட்டான்:
சொல்லாராய்ச்சிக்குத் தனி இழை திறங்கள். இங்கே நிலத்தைக் கணக்குப் போடுங்கள்.

50 சென்ட் கல்லறை. 1 சென்ட் 435.6 சதுர அடி, மொத்தம் 21,780. நடைபாதை, நடுக்குருசு, சுற்றுச்சுவர் ஓரம் என்று மூன்றில் ஒரு பங்கு போனால் மிஞ்சுவது 14,520. குழி 7-க்கு 3 என்றாலும் இடைச்சுவர் மண் சரியாமல் நிற்க 8-க்கு 4 விடவேண்டும், 32 சதுர அடி. 453 குழி வரும். வருடம் 20 சாவு என்று வையுங்கள். முதல் குழிக்குத் திரும்பிவர 22 வருடம். நல்லது, யாரும் யாரையும் 14-க்கு முன் தொட வேண்டியதில்லை.

இப்போது அதில் 200 குழியின் மேல் கிரானைட் கட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். மிச்சம் 253. இருபதால் வகுத்தால் 12 வருடம் சொச்சம். உங்கள் 14 அங்கேயே உடைந்துவிட்டது. அதை உடைத்தவர் குழி தோண்டியவரா, கிரானைட் போட்டவரா? ஏழைக் குடும்பத்தின் மண்மேடு மட்டும் சுற்றிச் சுற்றித் தோண்டப்படுகிறது. இதைப் பேசாமல் எத்தனை முறை 14 என்று சொன்னாலும் அந்த மண்மேட்டுக்காரருக்கு நியாயம் கிடைக்காது.

கொத்துக்கரண்டி:
கிரானைட் போடுகிறவரைத் திட்டுகிறீர்கள். கட்டுகிற முறையைச் சொல்லுங்கள் பார்ப்போம். அடக்கம் முடிந்து நாற்பதாம் நாளுக்குள் கட்டு என்று வீட்டார் நெருக்குவார்கள். அப்படிக் கட்டினால் அடுத்த மழையில் பெட்டி மூடி உள்ளே விழும், மண் இறங்கும், பலகைக்கல் நடுவில் விரியும். ஒரு முழு மழைக்காலம் தாண்ட வேண்டும். அதுவரை முக்கால் அடி மண்மேடு, இறங்க இறங்க நிரப்ப வேண்டும். அடித்தளத்தைக் குழியின் மேல் வைக்கக் கூடாது. தோண்டாத மண்ணில், இருபக்கமும் 9 அங்குலம் தள்ளி வரிக்கல் போட்டு அதன்மேல் கட்ட வேண்டும். மணல் நிலமாக இருந்தால் தோண்டும்போதே பலகை கொடுத்து முட்டு வைக்காமல் 5 அடிக்குக் கீழே ஆளை இறக்கவே கூடாது, கரை சரிந்துவிடும்.

பனங்காட்டான்:
முறையாகக் கட்டினால் இன்னும் மோசம், கொத்தனாரே. அது 50 வருடம் நிற்கும். என் கேள்வி எத்தனை வருடத்துக்கு அந்த இடம் அந்தக் குடும்பத்துக்கு என்பதுதான்.

கொத்துக்கரண்டி:
பணம் கட்டி, பங்குத்தந்தை கையெழுத்தோடு வாங்கிய இடம். கட்டுகிறவரைக் குற்றவாளி ஆக்குவதை நிறுத்துங்கள்.

புலப்படம்:
"வாங்கிய இடம்" என்றால் என்ன? பட்டா யார் பெயரில்? பல ஊரில் பழைய பத்திரம் அந்தக் காலத்துச் சாமியார் ஒருவர் பெயரில் இருக்கும். 1979-இல் தொடங்கிய யூ.டி.ஆர். என்ற நிலப்பதிவுப் புதுப்பிப்பில் யாரும் போய் நிற்காத இடத்தில் மயானப் புறம்போக்கு என்று அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) ஏறியிருக்கும். அப்படி ஏறியிருந்தால் பங்குப்பேரவை (பங்கு மக்களின் குழு) கொடுக்கும் ரசீது நிலத்துக்கு உரிமை தராது. முதலில் அ-பதிவேடு, புலப்படம் (நில அளவு வரைபடம்), சிட்டா (உடைமையாளர் பெயருள்ள வருவாய்த்துறை ஆவணம்) மூன்றையும் எடுத்துச் சர்வே எண்ணை ஒத்துப் பாருங்கள். சுற்றுச்சுவர் ஓடுகிற கோடும் புலப்படக் கோடும் ஒன்றா என்று அளந்து பாருங்கள். நிலமே யாருடையது என்று தெரியாமல் 14-ஆ 7-ஆ என்று சண்டை.

மணிக்கூண்டு:
நிலம் யாருடையதாக இருந்தாலும் உள்ளே படுத்திருப்பவர் மனிதர். 14.

மேலும், பணமுள்ளவர் கல்லறை கட்டுவது இன்று வந்த வழக்கமா? இடையன்குடியில் கால்டுவெல் ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறார், 1891-லிருந்து. அவரை எந்தக் கணக்கில் எடுப்பீர்கள்?

பனங்காட்டான்:
கால்டுவெல் ஆங்கிலிக்கன் ஆயர். கத்தோலிக்கச் சட்டம் அவருக்கு ஏன் பொருந்த வேண்டும்? நம்மில் 1242-ஆம் எண், திருத்தந்தை, கர்தினால், தம் சொந்த ஆலயத்தில் மறைமாவட்ட ஆயர் தவிர யாரையும் ஆலயத்துக்குள் புதைக்கக் கூடாது என்கிறது. கிராமப் பங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பதில் இல்லாதபோதெல்லாம் இடையன்குடிக்கு ஓடுவது உங்கள் பழைய பழக்கம்.

வெரோணிக்காள்:
இருவரும் தொடாத ஒன்று. 14-ஆனாலும் 7-ஆனாலும், அந்தக் குழியின் தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்? 1182-ஆம் எண்படி அடக்கம் முடிந்ததும் இறப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர், வயது, தகப்பன் அல்லது துணை, நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கு) பெற்றாரா, அடக்கிய நாள், குரு கையெழுத்து, எல்லாம் இருக்கும். குழி எண்ணுக்குப் பல பதிவேடுகளில் கட்டமே கிடையாது. மரக்குருசைக் கரையான் மூன்று வருடத்தில் தின்றுவிடும். சுவரில் எழுதிய வரிசை எண், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அடிக்கிற சுண்ணாம்பில் மறைந்துவிடும். பிறகு கடப்பாரையால் குத்திப் பார்த்து, மண் இளகியிருக்கிறதா என்று ஊகம்.

சுவரின் இரண்டு மூலையிலும் நகராத கல் நட்டு, ஒவ்வொரு குழியின் தலைப்பக்கத்துக்கும் இரண்டு மூலையிலிருந்தும் நாடா பிடித்து, இரண்டு அளவையும் தனிக் கல்லறைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு குழிக்கு 5 நிமிட வேலை. குருசு போனாலும் இடம் போகாது. அரசுப் பதிவு வேறு. 21 நாளுக்குள் அதையும் செய்ய வேண்டும், பங்குப் பதிவேடு அதற்கு ஈடாகாது.

பனங்காட்டான்:
அக்கா சொன்ன இரட்டை அளவு முறை சரி. அதோடு மண் வகை, பெட்டி மரம், பிளாஸ்டிக் எடுத்தார்களா என்று மூன்று கட்டம் சேருங்கள். திறக்கலாமா என்று அந்த மூன்றும் சொல்லும்.

திறக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், இங்கே பலர் கண்ணால் பார்க்காமல் பேசுகிறார்கள். மூன்றரை அடியில் மண் நிறம் மாறும், கருத்துக் கொழகொழப்பாக வந்தால் நிறுத்தி மூடிவிட வேண்டும். உலர்ந்து உதிர்ந்தால் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் எடுக்க வேண்டும். செபமாலை மணியும் நைலான் கயிறும்தான் முதலில் தெரியும். எலும்பைத் தலைப்பக்கமிருந்து வரிசையாக வெள்ளைத் துணியில் எடுத்து, அதே குழியின் தரையில் இன்னும் ஒன்றரை அடி தோண்டி வைத்து, 1 அடி மண் மூடி, அதன்மேல்தான் புதுப் பெட்டி. மூலையிலுள்ள பொதுக்குழியில் கொட்டுவதை நானும் எதிர்க்கிறேன். ஒரு காலத்தில் தற்கொலை செய்தவரையும் ஞானஸ்நானம் பெறாத குழந்தையையும் ஒதுக்கிய மூலைதான் பல ஊரில் இன்று எலும்புக்குழியாக இருக்கிறது.

மணிக்கூண்டு:
அப்படி ஒதுக்கியது திருச்சபைச் சட்டம் இல்லை, ஊர் வழக்கம்.

பனங்காட்டான்:
1917 தொகுப்பின் 1240-ஆம் எண்ணைப் புரட்டுங்கள். மனமறிந்து தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டது. 1983 தொகுப்பின் 1184-இல் தற்கொலை செய்தவர் என்ற வகை இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதுதான் உங்கள் 14-க்கும் அடிப்படை.

மணிக்கூண்டு:
நாற்பது வரி எழுதினாலும், திறக்கலாமா என்று முடிவு செய்யக் குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். கொழகொழப்பு இருக்கிறதா என்று தெரியவே அந்த உடலைக் கலைத்தாயிற்று. நிச்சயமான ஓர் எண் இருந்தால் கலைக்கவே வேண்டியதில்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பனங்காட்டான்:
களிமண்ணில் உங்கள் நிச்சயமான எண்ணும் கலைக்கத்தான் செய்யும். மூன்றாவது முறை சொல்கிறேன்.

புலப்படம்:
சர்வே எண் கேட்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை.

வெரோணிக்காள்:
குடும்பக் குழியா, பொதுக் குழியா? அதையும் யாரும் சொல்லவில்லை.

மணிக்கூண்டு:
முதலில் 14-க்குப் பதில் வரட்டும்.