'தி ஸ்கொயர்' பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தக் குரங்கு மனிதன் காட்சி எதற்கு?

அரைத்தூக்கம் (கேள்வி)

2017-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய ஸ்வீடன் நாட்டுப் படம், ரூபன் ஓஸ்ட்லுண்ட் இயக்கியது. இரண்டரை மணி நேரம், பொறுமையாக முழுவதும் பார்த்தேன். முதல் பாதி நல்ல சிரிப்பு. மியூசியத்தில் சரளைக்கல்லைக் குவித்து வைத்திருக்கிறார்கள், கூட்டுகிறவர் மெஷினை ஓட்டி அதில் கொஞ்சத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார். சரி, நவீன கலை என்ற பெயரில் நடக்கும் கூத்தைக் கிழிக்கப் போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், படம் போன் திருட்டு, மிரட்டல் கடிதம், சண்டைக்கு வரும் ஒரு பையன் என்று எங்கெங்கோ போகிறது. அப்புறம் அந்த விருந்து. சட்டையில்லாமல் ஒருவர் குரங்கு மாதிரி மேசைக்கு மேசை தாவுகிறார், கடைசியில் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கூடப் பார்த்தவர்கள் "நவீன கலை எல்லாம் பித்தலாட்டம், படம் அதைத்தான் சொல்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் வேறு என்ன என்று சொல்லவும் வரவில்லை. நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? முடிவு உட்பட எதையும் தாராளமாகச் சொல்லலாம்.

கோணல்பார்வை

உங்கள் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. படம் சரளைக்கல்லைக் கிண்டல் செய்கிறது, மேடையில் உட்கார்ந்து பேசும் கலைஞரைக் கிண்டல் செய்கிறது, ஆனால் தலைப்பில் வரும் அந்தச் சதுரத்தை, மியூசியம் காட்சிக்கு வைக்கும் படைப்பை, ஓரிடத்தில்கூடக் கிண்டல் செய்யவில்லை. இதற்குள் நிற்கும் எல்லோருக்கும் ஒரே உரிமை, ஒரே கடமை, யாராவது உதவி கேட்டால் செய்ய வேண்டும், அவ்வளவுதான் அந்தப் படைப்பு. அது வெறும் கற்பனையும் இல்லை, ஓஸ்ட்லுண்டும் தயாரிப்பாளர் காலே பூமனும் படத்துக்கு முன்பே ஸ்வீடனில் வார்னமோ என்ற ஊரில் உண்மையாகவே ஒரு சதுரத்தை அமைத்தார்கள்.

படம் கேட்பது, அதைக் காட்சிக்கு வைக்கும் ஆள் அதன்படி நடக்கிறானா என்பதுதான். மியூசியத்தின் கியூரேட்டர் (காட்சிகளுக்குப் பொறுப்பாளர்) கிறிஸ்டியன் தொலைந்த போனுக்காக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள எல்லா வீட்டுக்கும் திருடன் என்று மிரட்டல் கடிதம் போடுகிறான். ஏழைகள் இருக்கும் கட்டடம், யாராவது ஒருவன் திருடியிருப்பான் என்ற கணக்கு. பிறகு, அந்தக் கடிதத்தால் வீட்டில் திருடன் என்று பழி வாங்கிச் சண்டைக்கு வந்த அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ எடுக்கிறானே, அதை மறுபடி பாருங்கள். ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறான், போகப்போகச் சமூக அமைப்பு, ஏற்றத்தாழ்வு என்று பேச்சு அங்கே திரும்பி, தான் செய்தது யார் தலையிலோ ஏறிவிடுகிறது. படத்திலேயே கூர்மையான இடம் அதுதான், குரங்கு மனிதன் இல்லை.

விருந்துக் காட்சியும் அதே கேள்விதான். அசையாமல் இருந்தால் மிருகம் உங்களை விட்டுவிட்டு வேறொருவரைப் பிடிக்கும் என்று முன்கூட்டியே ஓர் அறிவிப்பு வரும், கோட்டுப் போட்ட எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

தூசிதட்டி

சரளைக்கல் காட்சி மிகைப்படுத்தல் என்று நினைக்க வேண்டாம். 2011-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் மியூசியத்தில் மார்ட்டின் கிப்பென்பெர்கர் செய்த ஒரு படைப்பு இருந்தது, மரச்சட்டங்களால் ஆன கோபுரம், அடியில் ஒரு தொட்டி, அதில் மழைத்தண்ணீர் காய்ந்த கறை மாதிரி வண்ணம் பூசியிருந்தார். துப்புரவுப் பணியாளர் நிஜக் கறை என்று சுத்தமாகத் தேய்த்துவிட்டார். காப்பீட்டு மதிப்பு 8 லட்சம் யூரோ. கிப்பென்பெர்கர் 1997-லேயே இறந்துவிட்டதால் அவரைக் கூப்பிட்டு மறுபடி பூசச் சொல்லவும் வழியில்லை. 2015-இல் இத்தாலியின் போல்சானோவில் காலி ஷாம்பெயின் பாட்டில்களும் சிகரெட் துண்டுகளும் தரையில் பரப்பி அமைத்த ஒரு கலைப்படைப்பை அள்ளிக் குப்பைப் பையில் போட்டுவிட்டார்கள், மியூசியம் பையைப் பிரித்து மறுபடி அடுக்கியது!

படத்தில் சிரிக்க வைப்பது கூட்டுகிறவர் இல்லை. போட்டோ இருக்கிறதே, பையிலிருந்து கல்லை எடுத்து நாமே குவித்துவிடலாம், வெளியே சொல்ல வேண்டாம் என்கிறானே கிறிஸ்டியன், அதுதான்.

குரங்கு மனிதனுக்கும் மூலம் உண்டு. 1996-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு கண்காட்சியில் ஓலெக் குலிக் என்ற கலைஞர் சங்கிலி கட்டிக்கொண்டு நாயாக நடித்து, பார்வையாளர்களைக் கடித்தே விட்டார், போலீஸ் வந்தது. படத்தில் அந்தப் பாத்திரத்தின் பெயரும் ஓலெக். நடித்த டெரி நோட்டரி ஹாலிவுட் குரங்குப் படங்களில் குரங்காக நடித்துப் பழகியவர்.

முகத்துக்குநேர்

எனக்குப் பிடிக்கவில்லை. நவீன கலையை நையாண்டி செய்வதைவிடச் சுலபமான வேலை எது? அதுவும் நிஜ உலகம் எப்போதோ முந்திவிட்டது. 2019-இல் இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் 1,20,000 டாலருக்குப் போனது, 2024-இல் ஏலத்தில் 62 லட்சம் டாலர், வாங்கியவர் பழத்தைத் தின்றும் விட்டார். இதற்குமேல் எந்த இயக்குநர் என்ன நையாண்டி எழுதிவிட முடியும்.

இன்னொரு எரிச்சல். பிச்சைக்காரர்களை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லும் படம், அவர்களுக்கு என்ன கொடுத்தது? நடைபாதை ஓரத்தில் சும்மா உட்கார வைத்திருக்கிறது. கோபப்படும் அந்தப் பையன் யார், அவன் வீட்டில் என்ன நடந்தது, எதுவும் தெரியாது. கோட்டும் சூட்டுமாக விருந்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் கிண்டல் செய்த படத்துக்கு, அதே கோட்டு சூட்டில் வந்தவர்கள் கானில் விருது கொடுத்தார்கள். யாருக்கும் உறைத்த மாதிரி தெரியவில்லை.

கோணல்பார்வை

பையன் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுப் படமும் கிறிஸ்டியனை விட்டு நகராமல் போகிறது, அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. கடைசியில் மகள்களோடு தேடிப் போனால் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், படம் அதோடு நின்றுவிடுகிறது. பையனின் கதையை நமக்குத் தனியாகச் சொல்லியிருந்தால் நாமும் நிம்மதியாக எழுந்து போயிருப்போம்.

அரைத்தூக்கம்

எல்லோருக்கும் நன்றி, அந்த மன்னிப்பு வீடியோவை இன்றிரவு மறுபடி பார்க்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி. கிறிஸ்டியன் போகும் அந்தப் பத்திரிகைக்காரப் பெண்ணின் வீட்டுக்குள் ஒரு சிம்பன்சி சாதாரணமாக நடமாடுகிறதே, அது ஏன்?

தூசிதட்டி

படத்தில் இருப்பவர்களே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, என்னைக் கேட்டால் எப்படி :)