அப்பா என்று கூப்பிடச் சொல்லவில்லை

கணவரை இழந்த பெண்ணையோ மனைவியை இழந்த ஆணையோ மணக்கப் போகிறவர்களிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளை ஒத்துக்கொண்டதா?" என்பதுதான். என்னையும் கேட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்த முடிவை ஏற்றுவது கொடுமை என்று நினைக்கிறேன். சரி என்றால் இறந்துபோன அப்பாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்று அது மருகும். வேண்டாம் என்றால் அம்மாவின் வாடிய முகத்தை நாள்தோறும் பார்க்க வேண்டியிருக்கும். பிள்ளையிடம் சொல்ல வேண்டும், அது சொல்வதைக் கேட்க வேண்டும். தீர்ப்பை அதன் வாயால் வரவழைக்கக் கூடாது.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் விளையும் ஏலக்காய், ஏலத்துக்கும் தரம் பிரிப்பதற்கும் இங்கே இறங்குகிறது. விடியுமுன்பே ஜீப்புகள் தெருத்தெருவாக வந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கேரளத்துக்குள் போகும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும். என் மனைவியின் முதல் கணவர் அப்படி ஒரு ஜீப் ஓட்டினார். எனக்கும் பழக்கமானவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 2021இல் ஓர் இரவு நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பையனுக்கு அப்போது எட்டு வயது.

நான் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறேன். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து அவருடைய மனைவி அங்கே காய் பிரிக்க வந்தார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சல்லடையும் முறமுமாக வேலை செய்வார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த பச்சைக் காய் தனி, வெடித்தது தனி, வெளிறியது தனி. ஒருநாள் பக்கத்தில் இருந்த வயதான அம்மா பிரித்த காய் எடையில் குறைந்தது. இவர் எழுந்து வந்து மூட்டையைத் திரும்பத் தராசில் ஏற்றச் சொன்னார். எடை போட்ட பையன் சாக்கின் எடையை இருமுறை கழித்திருந்தான். தாளோ பேனாவோ இல்லாமல், நின்ற இடத்திலேயே அதைக் கணக்கிட்டுச் சொன்னார். அன்று முதல் அவர் பேச்சுக்கு என் காது தனியாகத் திறந்துகொண்டது.

சின்ன ஊரில் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து பேச இடம் ஏது? எங்கள் பேச்சு முழுவதும் விண்ணப்பங்களைப் பற்றித்தான் இருந்தது. வாரிசுச் சான்றிதழ், விதவைச் சான்றிதழ், ஜீப் கடனை முடித்துக் கொடுத்த கடிதம் என்று அவருக்கு எழுத வேண்டியவை நிறைய இருந்தன. தாலுகா அலுவலகத்துக்கு என்ன இணைக்க வேண்டும், எந்தத் தாளில் கையெழுத்து இல்லை என்று மதிய இடைவேளையில் எல்லோர் காதிலும் விழும்படியாகத்தான் பேசிக்கொள்வோம். அந்தத் தாள்களுக்கு நடுவே, பையன் விடிகாலையில் தூங்குவதில்லை என்பதையும் ஒருநாள் சொன்னார்.

காரணம் இதுதான். கடனை அடைக்க ஜீப்பை விற்றிருந்தார்கள். வாங்கியவர் இதே ஊர்க்காரர், இதே பாதையில்தான் ஓட்டுகிறார். முன் கண்ணாடியின் மேல்பக்கம் மஞ்சள் எழுத்தில் பையனின் பெயர் இருந்தது. புது உரிமையாளர் அதைச் சுரண்டிவிட்டுத் தன் குலசாமியின் பெயரை எழுதிக்கொண்டார். அதில் தவறு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நாள்தோறும் விடியுமுன் அந்த ஜீப் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது பையன் எழுந்து வாசலுக்கு ஓடுகிறான், பார்க்கிறான், திரும்பி வந்து போர்வைக்குள் படுத்துக்கொள்கிறான். வண்டியை வேறு தெரு வழியாக விடச் சொல்லலாம் என்றார்கள் சிலர். பையனைக் கொஞ்ச நாள் அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள் வேறு சிலர். அப்பா பேச்சை எடுக்காதீர்கள், அழுவான் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பள்ளி விட்டு அவன் கிட்டங்கிக்கு வருவான். என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். அவனிடம் ஒருநாள் கேட்டேன்: "அப்பா ஹாரன் அடிப்பதற்கும் இவர் அடிப்பதற்கும் வித்தியாசம் தெரியுமா?" வாயாலேயே அடித்துக் காட்டினான். அப்பா இரண்டு சின்ன ஹாரன், முனை திரும்பியதும் ஒரு நீளமான ஹாரன். நீளமானது, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கடைசியாக ஓடிவரும் ஓர் அத்தைக்காகவாம். பிறகு நிறுத்தாமல் பேசினான். எந்த வளைவில் எந்த கியர், பனி இறங்கினால் எங்கே விளக்கைப் போட வேண்டும், போடிமெட்டில் எந்தக் கடையில் டீ குடிப்பார், அங்கே தனக்கு என்ன வாங்கித் தருவார் என்று எல்லாம் சொன்னான். சொல்லி முடிக்கும்போது அழுதான்தான். நான் தேற்றவில்லை, பக்கத்தில் இருந்தேன். மறுநாள் அவனே வந்து, "நேற்று ஒன்றை விட்டுவிட்டேன்" என்று ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த கதைகளை நானும் சொன்னேன். அவன் பிறந்த அன்று அவன் அப்பா மலையிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் கிட்டங்கியில் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனது அவனுக்குத் தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்பான். அவனுக்கும் எனக்கும் உண்டான உறவு இதுதான்: அவன் அப்பாவைத் தெரிந்த ஆள் நான். அவரை மறக்கடித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார முயலும் எந்த மனிதரையும் பிள்ளை உள்ளே விடாது, விடவும் வேண்டாம்.

மதுரைக்கும் போடிக்கும் ஓடிய மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010இல் நின்றது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் சொந்த ஊரில் ரயிலையே பார்த்ததில்லை. தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தபோது, முதல் ரயிலில் கூட்டிப்போகிறேன் என்று அண்ணன் தன் மகனிடம் சொல்லியிருந்தார். 2023 ஜூன் 15 அன்று ரயில் வந்தது. ஊரே நிலையத்துக்குத் திரண்டது. நாம் போகலாமா என்று கேட்டேன். "அப்பாதான் கூட்டிப்போவதாகச் சொன்னார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு கணக்கைச் சரிபார்ப்பவன் போலச் சொன்னான். அந்த வாக்கு அப்பா வீட்டு வாக்கு; அதை நிறைவேற்றும் உரிமை அப்பத்தாவுக்கு உண்டு என்று தோன்றியது. டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அப்பத்தாவும் பேரனும் மாலை ரயிலில் தேனி வரை போய் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். பழைய ரயிலில் உசிலம்பட்டிக்குப் போய்வந்த கதையெல்லாம் வழி நெடுக அப்பத்தா சொன்னாராம். இரண்டு டிக்கெட்டையும் பையன் பத்திரப்படுத்தியிருக்கிறான்.

எங்களைப் பற்றிய பேச்சு அதற்குள் தெருவில் நடக்கத் தொடங்கிவிட்டது. பையனின் அம்மாதான் நேராகக் கேட்டார்: "ஊர் பேசுகிறது. நாம் இத்தோடு நிறுத்திக்கொள்வதா, முறையாக நடத்துவதா?" நடத்துவோம் என்றேன். முதலில் அப்பத்தாவிடம் போனேன். மகனை இழந்த தாய் அவர். மருமகளோடும் பேரனோடும் ஒரே வீட்டில் இருப்பவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "என் மகன் படம் எங்கே இருக்கும்?" இப்போது இருக்கும் முன்னறையிலேயே இருக்கும், நான்தான் இந்த வீட்டுக்கு வரப்போகிறேன், நீங்களும் இங்கேதான் இருப்பீர்கள் என்றேன். தை பிறக்கட்டும் என்றார். என் வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. அதை விரிவாக எழுத விருப்பமில்லை. இப்போது வந்து போகிறார்கள்.

பையனிடம் அவன் அம்மாதான் சொன்னார், நான் அந்த இடத்தில் இல்லை. "அப்பா சட்டைகளை என்ன செய்வீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டானாம். பீரோவில் ஒரு தட்டை அவனுக்கென்று ஒதுக்கி, சட்டைகளை அங்கே அடுக்கிச் சாவியையும் அவனிடமே கொடுத்துவிட்டார். என்னிடம் சில வாரங்கள் பேசவில்லை. நான் மிட்டாயோ பொம்மையோ வாங்கிக்கொண்டு பின்னால் போகவில்லை. அது துக்கம், அதற்கு வேண்டிய காலத்தை அது எடுத்துக்கொள்ளும். என்னைக் கணக்கு மாமா என்று கூப்பிட்டுப் பழகியவன், இன்றும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். அப்பா என்று கூப்பிடு என்று உறவினர்கள் சொன்னபோதெல்லாம் நான் இடைமறித்திருக்கிறேன். அவனுக்கு அப்பா இருந்தார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமுறுத்த நிறையப் பேர் வருவார்கள். மறுமணம் செய்தால் முதல் கணவர் சொத்தில் பங்கு போய்விடும் என்று என் மனைவியிடம் சொன்னார்கள். 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. மறுமணத்தை அனுமதித்த அதே சட்டம், இறந்த கணவர் வழிப் பங்கைப் பறித்தது. அந்தப் பயம்தான் இன்னும் வாய்வழியாக உலவுகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் கணவர் இறந்தால் அன்றே மனைவியின் பங்கு அவருக்குச் சேர்ந்துவிடுகிறது, பிறகு மணந்துகொள்வதால் அது போகாது. பிள்ளையின் பங்குக்கும் ஒன்றும் ஆகாது. அதே ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மாற்றாந்தந்தை இயற்கைக் காப்பாளர் ஆகமாட்டார், அம்மாதான் காப்பாளர். எனவே பள்ளியிலும் வங்கியிலும் என் மனைவியே கையெழுத்திடுகிறார். பையனின் முதலெழுத்தை மாற்றச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் கேட்காதீர்கள். விதவை மறுமணத்துக்குத் தமிழக அரசு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் உதவித்தொகையும் தாலிக்குத் தங்கமும் தருகிறது. விதிமுறைகளைச் சமூக நலத்துறை அலுவலகத்தில் திருமணத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமணப் பதிவுக்கு முதல் கணவரின் இறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதைப் பிள்ளையின் கண்ணில் படாமல் ஒளித்து எடுத்துப் போகாதீர்கள். எங்கள் பையன் அதை வாங்கி முழுவதும் படித்தான். தேதியையும் நேரத்தையும் இரண்டு தடவை பார்த்தான். எனக்கும் ஒரு நகல் வேண்டும் என்றான். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் எடுத்துக் கொடுத்தேன். அந்த நகலும் ரயில் டிக்கெட்டுகளும் சட்டைத் தட்டில்தான் இருக்கின்றன, சாவி இன்னும் அவனிடம்தான்.