வளமீட்பு மையத்தில் பார்வையாளர் அறை: தரம்பிரிப்பை விளையாட்டாகக் கற்றுக்கொடுக்க எதை வைப்பது?

பசுமைக்கூடை:
வணக்கம். நகராட்சி வளமீட்பு மையத்தை (சேகரித்த குப்பையைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் இடம்) ஒட்டி 20 அடிக்கு 15 அடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் குடியிருப்போர் சங்கத்தாரும் வந்து, தொட்டுப் பார்த்துக் குப்பையைப் பற்றிக் கற்கும் கூடமாக அதை மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 40 பேர் வரை வருவார்கள். வந்திருக்கும் கொட்டேஷனில் 55 அங்குல டச் ஸ்கிரீன் இரண்டு, திரையில் குப்பையை விரலால் இழுத்துத் தொட்டியில் போடும் விளையாட்டு, ஒரு ப்ரொஜெக்டர் படம், அவ்வளவுதான். இது போதுமா? திரை இல்லாமல் நிஜப் பொருட்களை வைத்துச் செய்ய வழி உண்டா? பராமரிக்க உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் இருப்பார்.

காட்சிமேசை:
திரையில் இழுத்துப் போடும் விளையாட்டில் பிள்ளைகள் கற்பது நிறத்தைப் பொருத்துவதை மட்டும். பச்சைத் தொட்டிக்குப் பச்சையாகத் தெரிவதை இழுப்பார்கள். வீட்டில் குழப்பம் வருவது வேறு இடத்தில்: எண்ணெய் ஊறிய பஜ்ஜிக் காகிதம், கழுவாத பால் கவர், காலியான மாத்திரை அட்டை, டெட்ரா பாக். கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தால்தான் அந்தக் குழப்பமே எழும். பொருள் நிஜமாக இருக்கட்டும், பதில் மட்டும் திரையில் வரட்டும்.

மேசையில் 24 பொருட்கள் போதும். வாழைப்பழத் தோல் போல யாரும் தப்பாகப் போடாதவை ஆறு, தொடக்கத்தில் தைரியம் வர. மீதி 18-ம் சிக்கலானவையாக இருக்க வேண்டும்: தேநீர் பேப்பர் கப், சிப்ஸ் பாக்கெட், கொட்டாங்கச்சி, சாப்பிட்ட பாக்குமட்டைத் தட்டு, தெர்மாகோல், பட்டன் செல், டியூப் லைட் முனை (கண்ணாடி நீக்கியது), டயப்பர், கிழிந்த துணி, முட்டை ஓடு இப்படி. அழுகுபவற்றுக்கு சிலிக்கான் அச்சில் வார்த்த நகல் வையுங்கள். எறும்பும் நாற்றமும் வந்தால் ஒரே வாரத்தில் அறையைப் பூட்டிவிடுவார்கள். பட்டன் செல் குழந்தை வாய்க்குள் போனால் ஆபத்து. பெரிய அக்ரிலிக் கட்டிக்குள் பதித்துத்தான் வைக்க வேண்டும்.

தொட்டிகளின் எண்ணிக்கையை, ஊரில் குப்பை வாங்க வரும் பேட்டரி வண்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2016 விதிகள் மக்கும், மக்காத, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்தன. சானிட்டரி கழிவைத் தனியாக வாங்கும் இடங்களில் நான்கு. அறையில் நான்கு தொட்டி, தெருவில் வரும் வண்டியில் இரண்டே தடுப்பு என்றால், வந்தவர் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே வழிகாட்டி வாயடைத்து நிற்பார். வண்டியின் தடுப்புகளை முதலில் சரிசெய்துவிட்டு அறையைத் திறப்பது நல்லது.

தப்பான தொட்டியில் வைத்தால் பஸ்ஸர் மட்டும் அடிப்பது வீண். காரணம் சொல்ல வேண்டும், அதுவும் 12 சொற்களுக்குள். பேப்பர் கப்புக்கு: "உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. மக்காது. தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடை." பிறகு அந்தப் பொருள் எங்கே போகிறது என்று 8 முதல் 10 விநாடி வீடியோ. அது உங்கள் மையத்திலேயே எடுத்ததாக இருக்கட்டும். சிப்ஸ் பாக்கெட்டைப் பேலிங் இயந்திரம் அமுக்கிப் பேலாக (பொதியாக) கட்டுவதும், அது சிமென்ட் ஆலைச் சூளைக்கு லாரி ஏறுவதும் காட்டினால் போதும், வர்ணனை வேண்டாம்.

சாலிடர்புகை:
மேலே சொன்னதை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன். ஒவ்வொரு பொருளிலும் தனி எண் கொண்ட ஒரு டேக் (சின்ன சிப் ஸ்டிக்கர்) இருக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் அந்த எண்ணை ரேடியோ அலையால் படிக்கும் ஒரு ஆர்சி522 ஆர்எஃப்ஐடி ரீடர், நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன சர்க்யூட்டான ஒரு புரோ மைக்ரோ போர்டு (3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் வகை). 5 வோல்ட் போர்டு வாங்காதீர்கள், ஆர்சி522-இன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. புரோ மைக்ரோவைக் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகப் பார்க்கும். டேக் எண்ணை எழுத்தாகத் தட்டி எண்டர் அடிக்கும்படி நிரல் எழுதினால் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. எந்தத் தொட்டி என்று தெரிய, எண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு போர்டும் ஒரு எழுத்தைச் சேர்க்கட்டும். நான்கு ரீடரையும் ஒரே போர்டில் மாட்டினால் செலவு குறையும்தான். ஆனால் அந்த ஒயர்கள் ஒரு அடியைத் தாண்டினாலே ரீடிங் விட்டுவிட்டு வரும். போர்டை ரீடருக்குப் பக்கத்திலேயே வைத்து, யுஎஸ்பி கேபிளை நீட்டுங்கள், 5 மீட்டருக்குள்.

எல்லாரும் முதலில் செய்வது, தொட்டிக்குள் பொருளைப் போடவிட்டு விளிம்பில் ரீடரை ஒட்டுவது. அது வேலை செய்யாது. ஆர்சி522 படிக்கும் தூரம் 3 முதல் 5 சென்டிமீட்டர், சின்ன ஸ்டிக்கர் டேக் என்றால் இன்னும் குறைவு. 30 சென்டிமீட்டர் விழுந்த பொருள் அந்த எல்லையை ஏறக்குறைய 20 மில்லி விநாடியில் கடந்துவிடும். அதனால் தொட்டி வாயில் ஒரு தட்டு வைத்து, "இங்கே வை" என்று வட்டம் போடுங்கள். ஒவ்வொரு பொருளையும் 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள, 10 மில்லிமீட்டர் தடிமன் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வட்டத்தில் திருகி, டேக்கை வட்டத்தின் அடியில் ஒட்டுங்கள். அப்போது எப்படி வைத்தாலும் டேக் கீழே பார்க்கும். அலுமினிய டின்னில் நேராக ஒட்டிய டேக் படிக்காது, உலோகம் அலையை விழுங்கிவிடும். நடுவில் எம்டிஎஃப் இருப்பதால் அந்தத் தொல்லையும் போகும். தட்டு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக். ரீடரைச் சுற்றி 4 சென்டிமீட்டருக்குள் இரும்பு ஆங்கிள், திருகு எதுவும் கூடாது.

நிரலில் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். டேக் அசையாமல் இருக்கும்போதே இந்த ரீடர் ஒரு முறை "இருக்கிறது", அடுத்த முறை "இல்லை" என்று மாற்றி மாற்றிச் சொல்லும். தொடர்ந்து மூன்று முறை இல்லை என்றால்தான் எடுத்துவிட்டதாகக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீடியோ திரும்பத் திரும்பத் தொடங்கும். இன்னொன்று, நாள் முழுக்க ஓடினால் சில ரீடர்கள் உறைந்துபோகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடரை மறுதொடக்கம் செய்யும் வரியைச் சேர்த்துவிடுங்கள்.

நெகிழி_எண்7:
தரம்பிரிப்பு மேசையோடு நிறுத்தாதீர்கள். பிரித்ததை ஆலையில் எப்படி மறுபடி பிரிக்கிறார்கள் என்பதை மின்சாரமே இல்லாமல் காட்டலாம்.

50 மில்லிமீட்டர் அக்ரிலிக் குழாய், 40 சென்டிமீட்டர் நீளம், இரு முனையும் அடைத்தது, உள்ளே தண்ணீர். தண்ணீர் பாட்டிலின் உடலை 5 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள், மூடியையும் அப்படியே. குழாயைத் தலைகீழாகத் திருப்பினால் பாட்டில் துண்டுகள் (பெட், அடர்த்தி 1.38) கீழே போகும், மூடித் துண்டுகள் (எச்டிபிஇ, 0.95) மேலே வரும். ஒரே பாட்டில், இரண்டு பிளாஸ்டிக். மறுசுழற்சி ஆலையில் துருவிய பிறகு நடப்பதும் இதுதான்.

இரண்டாவது குழாயில் லிட்டருக்கு 150 கிராம் உப்பு. அடர்த்தி 1.09 வரை ஏறும். சிடி டப்பாவின் தெளிந்த மூடி (பாலிஸ்டைரீன், 1.05) சாதாரண நீரில் மூழ்கும், இதில் மிதக்கும். பிவிசி துண்டை மட்டும் சேர்க்காதீர்கள், அதன் அடர்த்தி பெட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீரால் பிரியாது. பெரியவர்கள் குழு வந்தால் வேண்டுமென்றே காட்டலாம். பெட் பேலில் பிவிசி கலந்தால் ஆலை ஏன் திருப்பி அனுப்புகிறது என்பது அப்போது புரியும்.

கெட்டுப்போகும் இடங்கள்: மூடியை வெட்டாமல் போட்டால் சிக்கிய காற்றால் எது ஏன் மிதக்கிறது என்றே தெரியாது. துண்டு மிகச் சின்னதானால் நீர்ப்பரப்பு இழுவிசையில் பெட்டும் மேலேயே நிற்கும். ஒரே ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள், கூடினால் நுரை. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள், பாசி பிடிக்கும். அயோடின் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் தண்ணீரைக் கலங்கலாக்கும், கல்லுப்பைக் கரைத்து வடிகட்டுங்கள். மேலே 2 சென்டிமீட்டர் காற்று விடாவிட்டால் மே மாதத்தில் ஒட்டு விரியும்.

இன்னொன்று அலுமினியக் குழாய்: உள்விட்டம் 20 மில்லிமீட்டர், சுவர் 3 மில்லிமீட்டர், நீளம் 60 சென்டிமீட்டர், உள்ளே 18 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தம். சாதாரணமாக 60 சென்டிமீட்டர் விழ அரை விநாடி கூட ஆகாது. இதற்குள் மிதப்பது போல இறங்கும். காந்தம் நகரும்போது உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம்தான் அதைத் தடுக்கிறது. காந்தம் ஒட்டாத அலுமினிய டின்னை அதே மின்னோட்டத்தால் தள்ளிப் பிரிக்கும் இயந்திரத்தின் தத்துவம் இதுவே. சுவர் 1 மில்லிமீட்டர் என்றால் காந்தம் வேகமாக விழுந்துவிடும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழ்முனையில் ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்தால், காந்தம் வந்து சேர்ந்ததும் அந்த இயந்திரத்தின் வீடியோவை ஓட்டலாம். முனைகளை நன்றாக மூடுங்கள், இந்தக் காந்தத்தை விழுங்கினால் குடலுக்கு ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை கட்டாயம்.

பசுமைக்கூடை:
மிக்க நன்றி. மூன்று சந்தேகம். ஒன்று, சோதனைக்கு ஓட்டிய பைத்தான் நிரலில் "கொட்டாங்கச்சி" என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி வருகிறது. இரண்டு, இங்கே மின்தடை அதிகம். மூன்று, 40 பேரை எப்படிச் சமாளிப்பது?

சாலிடர்புகை:
எழுத்துச் சிக்கல் பைகேமில் (பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் தொகுப்பு) வருவது. சேர்த்து எழுதும் விதிகளைப் பழைய பதிப்பு பார்க்காது. எல்லாத் திரையையும் எச்டிஎம்எல் பக்கமாக எழுதி குரோமியம் பிரவுசரில் கியாஸ்க் முறையில் (திரை முழுக்க அந்தப் பக்கம் மட்டும் தெரியும்படி) ஓட்டுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை அந்தக் கணினியிலேயே நிறுவிவிடுங்கள். இணையத்திலிருந்து எழுத்துரு எடுக்கும்படி வைத்தால் நெட் போன நாளில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைத்தால் மின்தடையில் எஸ்டி கார்டு கெடுவதுதான் முதல் நோவு. அமைப்புப் பட்டியலில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று இருக்கிறது, அதை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது, சுவிட்சை நேராக அணைக்கலாம். பதிவுகளை மட்டும் தனி பென் டிரைவில் எழுதுங்கள். அச்சு அசலாக நகலெடுத்த கார்டு ஒன்றை உறையில் போட்டு பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள், எலக்ட்ரீஷியனே மாற்றிவிடுவார். பெட்டிக்குக் காற்றுத் துளை வேண்டும், துளைக்குக் கொசுவலை வேண்டும், பல்லி சர்க்யூட்டில் குடியேறும்.

காட்சிமேசை:
40 பேரை எட்டெட்டாக ஐந்தாகப் பிரியுங்கள்: இரண்டு தரம்பிரிப்பு மேசை, குழாய்கள், ஒரு திரை, ஐந்தாவது குழு வெளியே உரத்தொட்டியில். ஏழு நிமிடத்துக்கு ஒரு மணி, இடம் மாறட்டும். மேசை உயரம் 75 சென்டிமீட்டர், அடியில் 70 சென்டிமீட்டர் காலியாக விட்டால் சக்கர நாற்காலியும் நுழையும். எல்லா மேசையிலும் ஸ்பீக்கர் வைத்தால் சந்தைக்கடைதான். ஒலி ஒரு இடத்தில் மட்டும், மற்றதெல்லாம் எழுத்தும் படமும்.

வார்டுபதிவு:
திரை இல்லாமல் செய்யலாமா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். திரையே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு 32 அங்குலம் போதும், அதில் விளையாட்டு வேண்டாம், வார்டு வரைபடம் போடுங்கள். தன் தெருவைத் தொட்டால் நேற்று எடைமேடையில் ஏறிய மக்கும் குப்பை எவ்வளவு, மக்காதது எவ்வளவு, கலந்து வந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டும். குடியிருப்போர் சங்கத்தார் நின்று பார்ப்பது இதைத்தான். டச் வகை கெப்பாசிட்டிவ் (செல்போன் திரை போன்றது) ஆக இருக்கட்டும். திரையைச் சுற்றி மாட்டும் இன்ஃப்ராரெட் சட்டகம் மலிவு, ஆனால் சாய்வெயில் பட்டாலும் ஈசல் உட்கார்ந்தாலும் தானாகத் தொட்டுக்கொள்ளும். 40 விநாடி யாரும் தொடாவிட்டால் முதல் பக்கத்துக்குத் திரும்பும்படி வையுங்கள்.

தரம்பிரிப்பு மேசையில் ஒவ்வொரு பொருளுக்கும் முதல் முறை எந்தத் தொட்டியில் வைத்தார்கள் என்பதை நேரத்தோடு பதியுங்கள். இரண்டாவது முயற்சி கணக்கில் வேண்டாம், அதற்குள் விடை தெரிந்திருக்கும். மாதக் கடைசியில் அதிகம் தப்பிய ஐந்து பொருளை எடுத்து, வண்டியோடு போகும் தூய்மைப் பணியாளர்களிடம் காட்டி, தெருவிலும் அதே கலப்படமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அந்தப் பொருளின் விளக்க வீடியோவை மாற்றுங்கள். தெருவில் சரியாக வருகிறது, மேசையில்தான் தப்புகிறது என்றால் மாதிரிப் பொருளில்தான் கோளாறு. பெரும்பாலும் சிலிக்கான் நகலை ஜனங்கள் பிளாஸ்டிக் என்று நினைத்திருப்பார்கள், பெயிண்டை மாற்றினால் சரியாகும்.